மியூனிக்ல படிச்சுக்கிட்டே ஊர் சுத்துறது எப்படி: ஜூனியருங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் பவானிக்காரன். 2022 அக்டோபர்ல மியூனிக் வந்து மாஸ்டர்ஸ் முடிச்சேன். ஒவ்வொரு அக்டோபரும் புது பேட்ச் எறங்குனதும் வாட்ஸ்அப்ல அதே கேள்விங்கதான் வருது. அண்ணா ஆல்ப்ஸ் எப்படி போறது, அண்ணா பாரிஸ் எப்ப போறது, அண்ணா அம்மா திட்டுறாங்க என்ன பண்றது. ராத்திரி ஒரு மணிக்கு வாய்ஸ் நோட்டு கேட்டு கேட்டு காதே போச்சு, அதனால மொத்தத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன், இனிமே லிங்க் அனுப்பிட்டு தூங்கலாம்.

படிக்கிற படிப்புக்கு நடுவுல இதுக்கெல்லாம் நேரம் இருக்குமா?

இருக்கும், ஆனா நீங்க நெனைக்கிற எடத்துல இருக்காது. எல்லாரும் செமஸ்டர் லீவுல ஐரோப்பா டூர்னு ப்ளான் போட்டுட்டு வர்றாங்க. லீவு வந்ததும் பாதி எக்ஸாம் அங்கதான் உக்காந்திருக்கும், மீதி நாள் பார்ட் டைம் வேலை தின்னுரும். நேரம் நெஜமா கெடக்குறது ஞாயித்துக்கெழமையில. இங்க ஞாயிறுன்னா கடை மூடி, சூப்பர் மார்க்கெட் மூடி, ஒரு தக்காளி கூட வாங்க முடியாது, பக்கத்து ரூம்காரன் மூச்சு விடுற சத்தம் கேக்குற அளவுக்கு அமைதி. அன்னைக்கு ரூம்லயே கெடந்தா ஊர் ஞாபகம் வந்து கழுத்தை நெரிக்கும். மொத ஆறு மாசம் அப்படித்தான் கெடந்தேன், சீரியல் மாதிரி ஒரே சீன் திரும்ப திரும்ப. அப்புறம்தான் ட்ரெயின் ஏற ஆரம்பிச்சேன்.

டிக்கெட்டுக்கே காசு எக்கச்சக்கமா ஆகாதா?

இதுக்குத்தான் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கு, எல்லாரும் டி-டிக்கெட்னு சொல்லுவாங்க. 2023 மே மாசம் 49 யூரோவுக்கு ஆரம்பிச்சாங்க, 2025 ஜனவரியில 58 ஆச்சு, 2026-ல 63. மாசம் ஒரு தடவை கட்டிட்டா ஜெர்மனி முழுக்க சிட்டி பஸ், ட்ராம், மெட்ரோ, எஸ்-பான்ங்கற புறநகர் ட்ரெயின், ரீஜனல் ட்ரெயின் எல்லாத்துலயும் போலாம். மியூனிக் இருக்குற பவேரியா மாநிலத்துல மாணவர்களுக்கு தனியா குறைஞ்ச விலை உண்டு, 2023 செப்டம்பர்ல 29 யூரோவுக்கு வந்துச்சு, அப்புறம் அதுவும் ஏறிருச்சு. உங்க யூனிவர்சிட்டிக்கு இப்ப என்ன ரேட்னு வந்த மொத வாரமே கேட்டுருங்க.

கவனிக்க வேண்டியது ரெண்டு. ஐ.சி.ஈ, ஐ.சி மாதிரி வேக ட்ரெயின்ல இந்த டிக்கெட் செல்லாது, போர்டுல ஆர்.ஈ, ஆர்.பி, எஸ்னு ஆரம்பிக்கிற வண்டியா பாத்து ஏறுங்க. டிக்கெட் இல்லாம மாட்டுனா 60 யூரோ ஃபைன், ஊர் மாதிரி கெஞ்சி கேட்டு எறங்கிப்போற கதையெல்லாம் கெடையாது. இன்னொன்னு, இது சப்ஸ்க்ரிப்ஷன். நிறுத்தணும்னா மாசம் 10-ஆம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணணும், 11-ஆம் தேதி ஞாபகம் வந்தா அடுத்த மாச காசும் போச்சு.

ஊர்ல இருந்து நாலு ஃப்ரெண்ட்ஸ் வந்திருந்தா அவங்களுக்கு பயர்ன் டிக்கெட், அதாவது பவேரியாவுக்குள்ள ஒரு நாள் சுத்துற டிக்கெட் போட்டுக்கலாம், அஞ்சு பேர் வரைக்கும் ஒரே டிக்கெட்டுல போலாம். வாரநாள்ல காலைல 9 மணிக்கு மேலதான் செல்லும்.

திடீர்னு கெளம்புறதுன்னா என்ன, ப்ளானே இல்லாமயா?

கிட்டத்தட்ட அப்படித்தான். மியூனிக் மெயின் ஸ்டேஷன்ல போய் நின்னு போர்டை அண்ணாந்து பாப்பேன், அடுத்த அரை மணி நேரத்துல கெளம்புற ரீஜனல் ட்ரெயின்ல எந்த பேர் புதுசா இருக்கோ அதுல ஏறிருவேன். இப்படி பார்த்ததுதான் ரேகன்ஸ்புர்க், மிட்டன்வால்ட், பாம்பெர்க் எல்லாம். மிட்டன்வால்ட்ல தெருவுக்கு தெரு வயலின் செய்யிற பட்டறை, பின்னாடி கார்வெண்டல் மலை சுவர் மாதிரி நிக்குது. அப்படி ஒரு ஊர் இருக்குன்னே அதுக்கு முன்னாடி எனக்கு தெரியாது.

ஒரே ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பா பாத்துக்குவேன், திரும்பி வர்ற கடைசி ட்ரெயின் எத்தனை மணிக்குன்னு. அது தெரிஞ்சா போதும், மத்ததெல்லாம் போற எடத்துல பாத்துக்கலாம்.

தப்பு ட்ரெயின் ஏறிட்டா?

ஏறுவீங்க. நானும் ஏறுனேன். டி-டிக்கெட் வந்த புதுசு, டேகர்ன்ஸே ஏரி பாக்கணும்னு கெளம்புனேன். இங்க சில வண்டிங்க ஒரே ட்ரெயினா கெளம்பி வழியில பிரியும். மியூனிக்ல இருந்து போற அந்த லைன் ஹோல்ஸ்கிர்ஷன்ல ஒரு தடவை பிரியும், அப்புறம் ஷாஃப்ட்லாக்ல ஒரு தடவை. முன் பெட்டி ஒரு ஊருக்கு, பின் பெட்டி வேற ஊருக்கு. பெட்டியோட டிஸ்ப்ளேல எழுதியிருக்கும், ஸ்பீக்கர்லயும் சொல்லுவாங்க, ஆனா என் ஜெர்மன் அப்ப ஏ1, அதாவது அரிச்சுவடி லெவல் தாண்டல, ஜன்னல் வழியா மாட்டைப் பாத்துக்கிட்டு ஹெட்செட்டோட உக்காந்திருந்தேன். பாதி வண்டி கழண்டு போனதே தெரியல. எறங்கிப் பாத்தா லெங்க்ரீஸ்.

சரி வந்தாச்சுன்னு நடந்தேன். மியூனிக் நடுவுல ஓடுற அதே ஈசார் ஆறு அங்க சின்னப் பையனா ஓடுது, வெள்ளக் கூழாங்கல்லு மேல பச்சை கலர்ல தண்ணி, அடில கெடக்குற ஒவ்வொரு கல்லும் தெரியுது. காலை நனைச்சேன், ரெண்டு நிமிஷத்துல கால் இருக்கா இல்லையான்னே தெரியல, அவ்ளோ சில்லு. கரையில உக்காந்து டப்பால இருந்த புளிசாதத்தை தின்னுட்டு ஒரு மணி நேரம் சும்மா கெடந்தேன். டேகர்ன்ஸேக்கு அப்புறம் மூணு தடவை போயிட்டேன், நல்ல ஏரிதான், ஆனா யாராவது ஜெர்மனியில புடிச்ச எடம் எதுன்னு கேட்டா லெங்க்ரீஸ்னுதான் வாய்ல வருது.

சாப்பாட்டுக்கு என்ன பண்றது? வெளிய சாப்ட்டா கட்டுப்படியாகாதே?

கட்டுச்சோறு. வேற பதிலே இல்லை. எலுமிச்சை சாதம், புளிசாதம், ரெண்டு முட்டை, ஒரு சின்ன டப்பால ஊறுகா. இதை ரோட்டோரமா ஒளிச்சு வச்சு சாப்பிட வேண்டியதில்ல, பவேரியாவுல ராஜா மாதிரி சாப்பிட ஒரு எடம் இருக்கு. பியர் கார்டன். இங்க பழைய வழக்கம் என்னன்னா, குடிக்கிறதை மட்டும் அவங்ககிட்ட வாங்கணும், சாப்பாடு நீங்களே கொண்டாந்து சாப்பிடலாம். 1999-ல போட்ட பவேரிய அரசு விதியோட விளக்கத்துலயே இது இருக்கு. ஆனா மேஜை துணி விரிச்ச டேபிள்ல உக்காராதீங்க, அது சர்வீஸ் டேபிள், வெறும் மரப்பலகை டேபிள்தான் நமக்கு.

பியர் குடிச்சே ஆகணும்னு இல்ல. ஆப்பிள் ஜூஸ்ல சோடா கலந்த ஆப்ஃபெல்ஷோர்லே அரை லிட்டர் வாங்கிட்டு செஸ்ட்நட் மரத்தடியில உக்காந்தா போதும். ஒரு தடவை பக்கத்து டேபிள் தாத்தா முள்ளங்கியை சுருள் சுருளா சீவி உப்பு போட்டுட்டிருந்தாரு, என் டப்பாவை எட்டிப் பாத்துட்டு என்னன்னு கேட்டாரு. ஒரு ஸ்பூன் புளிசாதம் குடுத்தேன். மொகத்தை ஒரு மாதிரி சுளிச்சுட்டு ரெண்டாவது ஸ்பூன் கேட்டாரு. பதிலுக்கு முள்ளங்கி வந்துச்சு. புளிசாதத்துக்கு முள்ளங்கி நல்லாவே சேருது, வீட்ல செஞ்சு பாருங்க.

மியூசியம் எல்லாம் போர் அடிக்காதா? டிக்கெட்டும் காஸ்ட்லி இல்லையா?

ஞாயித்துக்கெழமை ஒரு யூரோ. ஆல்ட்டே பினக்கொத்தேக், மாடர்ன் பினக்கொத்தேக், ப்ராண்ட்ஹோர்ஸ்ட் எல்லாமே ஞாயிறு ஒரு யூரோதான். இந்த ரேட்டுக்கு போனதால கெடச்ச பெரிய நன்மை, எல்லாத்தையும் பாத்தே தீரணும்ங்கற வெறி போயிருச்சு. ஒரு தடவைக்கு ரெண்டே ரெண்டு படம், அதுக்கு மேல கண்ணும் வாங்காது, காலும் வலிக்கும்.

மொத தடவைன்னா ஆல்ட்டே பினக்கொத்தேக்ல ட்யூரர்ங்கற ஜெர்மன் ஓவியர் தன்னைத்தானே வரைஞ்ச படத்தை பாருங்க. 1500-ல வரைஞ்சது, அப்ப அவருக்கு வயசு 28, நம்ம மாஸ்டர்ஸ் வயசுக்கு ரெண்டு மூணு கூட. நேருக்கு நேரா பாக்குறாரு, இயேசு படத்துல வர்ற மாதிரி. கிட்டப் போனா கோட்டோட ரோமம் ஒவ்வொண்ணா தெரியும், அதை ஒரு விரல் புடிச்சிட்டிருக்கும். ரொம்ப கிட்ட போனா காவலர் தொண்டையை செருமுவாரு. அப்புறம் ரூபென்ஸ்ங்கற இன்னொரு ஓவியரோட இறுதித் தீர்ப்பு படம், ஆறு மீட்டர் உயரம். 1836-ல திறந்த அந்த கட்டடத்துல ஒரு ஹாலோட அளவையே இந்த படம் மாட்டணும்னுதான் வச்சாங்களாம். நம்ம ஊர்ல தேருக்கு அளவா தெருவை வச்ச மாதிரி.

பேக்கை லாக்கர்ல வைக்கணும். திங்கக்கெழமை லீவு.

ஓபரா போகணும்னா கோட் சூட் வேணுமா?

வேண்டாம். சுத்தமான ஒரு சட்டை போதும், நான் பொங்கலுக்கு எடுத்த சட்டையைத்தான் போட்டுட்டுப் போனேன். நேஷனல் தியேட்டர்ல நின்னு பாக்குற டிக்கெட் உண்டு, ஒரு பீட்சா விலைதான் வரும், ஆனா சீக்கிரம் தீந்துரும். 1818-ல கட்டுன தியேட்டர், 1943 குண்டுவீச்சுல போச்சு, பழைய மாதிரியே திரும்ப கட்டி 1963-ல திறந்தாங்க. மேடைக்கு மேல வசனம் ஜெர்மன்லயும் இங்கிலீஷ்லயும் ஓடும், அதனால கதை புரியாம முழிக்க வேண்டியதில்ல.

நான் மொதல்ல பாத்தது மொசார்ட்டோட மேஜிக் ஃப்ளூட், மூணு மணி நேரம் நின்னேன். விடிய விடிய கூத்து பாத்த தாத்தாவோட பேரனுக்கு இது ஒண்ணும் பெருசில்ல. கஷ்டம் வேற எடத்துல வந்துச்சு. கச்சேரின்னா தொடையில தாளம் போட்டு, நல்ல எடத்துல ஒரு "ஆஹா" விட்டுப் பழகிட்டோம், இங்க இருமலையே முழுங்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க. என் விரல் கைப்பிடியில தன்னால தட்டுச்சு, முன்னாடி இருந்த அம்மா மெதுவா திரும்பிப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. அந்த பார்வையே போதும்.

கோடைல ஒரு நாள் தியேட்டர் முன்னாடி சதுக்கத்துல பெரிய ஸ்க்ரீன்ல இலவசமாவே போடுவாங்க. அங்க தரையில உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டே பாக்கலாம், யாரும் திரும்ப மாட்டாங்க.

டாகாவ் வதை முகாமுக்கு போகணுமா? மனசு கஷ்டமா இருக்குமே?

போங்க. ஆனா தனியா ஒரு நாளை அதுக்கே ஒதுக்குங்க, அதை முடிச்சுட்டு சாயங்காலம் பியர் கார்டன்னு ப்ளான் போடாதீங்க. எஸ்2 எஸ்-பான்ல டாகாவ், அங்கிருந்து 726 பஸ். நுழைவு இலவசம். 1933 மார்ச்ல நாஜிகள் திறந்தது, 1945 ஏப்ரல் 29 அன்னைக்கு அமெரிக்கப் படை வந்து மீட்டுச்சு. ரெண்டு லட்சம் பேருக்கு மேல அடைச்சு வச்சிருந்தாங்க, 41,500 பேர் செத்தாங்க.

சுடுகாட்டுக் கட்டடத்துல சுவர்ல ஒரு சின்ன கல்வெட்டு இருக்கு, நாலு பெண்களுக்கு. பிரிட்டிஷ் உளவாளிகளா பிரான்ஸ்ல வேலை செஞ்சு மாட்டி, 1944 செப்டம்பர்ல அங்க சுட்டுக் கொல்லப்பட்டவங்க. அதுல ஒருத்தர் பேர் நூர் இனாயத் கான். இந்திய அப்பாவோட பொண்ணு, திப்பு சுல்தான் வம்சாவளி. ஈரோடு பக்கமெல்லாம் ஒரு காலத்துல திப்பு ஆண்ட மண்ணு, ஸ்கூல்ல படிச்ச பேரு, அந்த வம்சத்துல ஒரு உசுரு இங்க வந்து முடிஞ்சிருக்குன்னு நான் எதிர்பாக்கவே இல்ல. ரொம்ப நேரம் அங்கயே நின்னேன். திரும்பி வர்ற பஸ்ல யாருமே பேசல.

செல்ஃபி எடுக்காதீங்க. இதை சொல்ல வேண்டியிருக்கேன்னு வருத்தமாத்தான் இருக்கு, ஆனா எடுக்குறாங்க.

அக்டோபர்ஃபெஸ்ட் குடிக்காதவங்க போலாமா?

தாராளமா. செப்டம்பர்லயே ஆரம்பிச்சிரும், பேரை நம்பி அக்டோபர் நடுவுல போய் நிக்காதீங்க. மைதானத்துக்கு நுழைவு இலவசம். 1810-ல பவேரிய இளவரசர் லுட்விக் கல்யாணத்துக்கு கொண்டாட ஆரம்பிச்சது, அந்த கல்யாணப் பொண்ணு தெரேசா பேருதான் மைதானத்துக்கே. அப்ப முக்கிய நிகழ்ச்சி குதிரைப் பந்தயம், பியரெல்லாம் அப்புறம் வந்து எடத்தை புடிச்சது. இதைப் படிச்சதும் எனக்கு அந்தியூர் குருநாதசாமி திருவிழாதான் ஞாபகம் வந்துச்சு. அங்கயும் குதிரைச் சந்தை, ராட்டினம், வறுத்த கடலை, கூட்டத்துல தொலைஞ்ச குழந்தை. இங்க கடலைக்கு பதிலா சக்கரைப்பாகுல வறுத்த பாதாம்.

வாரநாள் மத்தியானம் போங்க, சனிக்கெழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம். மூணு லிட்டருக்கு மேல கொள்ளளவு இருக்குற பேக் உள்ள விட மாட்டாங்க, காலேஜ் பேக்கோட போய் வாசல்ல நின்ன ஆளுங்க நம்ம பேட்ச்லயே உண்டு.

பக்கத்து நாட்டுக்கு போறதுக்கு விசா?

ஜெர்மன் ரெசிடென்ட் பெர்மிட் கார்டும் பாஸ்போர்ட்டும் இருந்தா ஷெங்கன் நாடுகளுக்கு தனி விசா வேண்டாம், 180 நாள்ல 90 நாள் வரைக்கும் போலாம். ஆஸ்திரியா, இத்தாலி, சுவிஸ், செக் எல்லாம் இதுல வரும். லண்டனும் டப்ளினும் வராது, அதுக்கு தனி விசா.

பாஸ்போர்ட் ஒரிஜினல் கையில இருக்கணும், ஃபோன்ல இருக்குற ஃபோட்டோ எல்லாம் செல்லாது. ஆஸ்திரியாவுல இருக்குற சால்ஸ்புர்க் வரைக்கும் டி-டிக்கெட்லயே போயிரலாம்ங்கறதால நம்மாளுங்க அதை பக்கத்து தெரு மாதிரி நெனைச்சு கையை வீசிட்டு போயிடுறாங்க, திரும்பி வர்றப்ப பார்டர்ல போலீஸ் வண்டியில ஏறி செக் பண்றாங்க. நம்ம கலர் பாத்துதான் நம்மகிட்ட மொதல்ல வர்றாங்களான்னு கேட்டா, ஆமான்னுதான் எனக்கு தோணுது. கோவம் வரும். ஆனா பேப்பர் சரியா இருந்தா ஒரு நிமிஷ வேலை. பெர்மிட் ரினீவல்ல இருக்கு, கையில தற்காலிக பேப்பர் மட்டும்தான்னா ஆஃபீஸ்ல கேக்காம நாட்டை விட்டு வெளிய போகாதீங்க.

பாரிஸ், ரோம், ஆம்ஸ்டர்டாம் மூணையும் ஒரே வாரத்துல அடிச்சிரலாமா?

அடிக்கலாம், நானும் அடிச்சேன். இப்ப கேட்டா ஈஃபில் டவர் கீழ தூங்குனது மட்டும்தான் ஞாபகம் இருக்கு.

தமிழ் வாசனையோட எதாவது இருக்கா?

ஹாம் ஊர்ல இருக்குற காமாட்சி அம்பாள் கோவில். மியூனிக்ல இருந்து ரொம்ப தூரம், நான் டோர்ட்முண்ட்ல ஃப்ரெண்ட் ரூமுக்கு போயிட்டு அங்கிருந்து போனேன். போரால இங்க வந்த ஈழத்தமிழருங்க கட்டுனது, இப்ப இருக்குற கோவில் 2002-ல எழும்புச்சு. சுத்தி ஃபேக்டரி ஏரியா, நடுவுல கோபுரம். கோடைல தேர்த்திருவிழா, ஆயிரக்கணக்குல கூட்டம், காவடி, நாதஸ்வரம், ஓரமா ஜெர்மன் போலீஸ் ட்ராஃபிக் பாக்குறாங்க. பக்கத்துல ஓடுற கால்வாய்தான் தீர்த்தம். ஒரு அம்மா என் கையில சோத்துத் தட்டை திணிச்சுட்டு, "எங்கயிருந்து வந்தனீங்கள் தம்பி, வடிவா சாப்பிடுங்கோ"ன்னாங்க. ரெண்டு தட்டு சாப்பிட்டேன்.

மாசம் எவ்ளோ ஒதுக்குறது?

எனக்கு டிக்கெட் தவிர 40 யூரோவுக்குள்ள முடிஞ்சிரும். கட்டுச்சோறு இருந்தா காசு போறது டாய்லெட்டுக்கும் காபிக்கும்தான். பாட்டில் டெபாசிட் 25 சென்ட், குடிச்சுட்டு தூக்கிப் போடாதீங்க, சூப்பர் மார்க்கெட் மெஷின்ல போட்டா திரும்ப வரும்.

அப்பா அம்மா வந்தா எங்க கூட்டிட்டு போறது?

நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைன்னு எல்லாரும் சொல்லுவாங்க, டிக்கெட் முன்னாடியே போடணும், மேட்டுல நடக்கணும், மூட்டு வலி இருக்குறவங்களுக்கு சரிப்படாது. கோனிக்ஸ்ஸே ஏரி நல்லது, 1909-ல இருந்து கரண்ட்ல ஓடுற போட்டு, சத்தமே இருக்காது. நடு ஏரியில நிறுத்தி போட்டுக்காரர் ட்ரம்பெட் ஊதுவாரு, மலை திருப்பி ஊதும். எங்கப்பா அதை கேட்டுட்டு மலைக்குப் பின்னாடி இன்னொரு ஆள் இருக்கான்னு கடைசி வரைக்கும் சாதிச்சாரு.

அம்மாவை பாஸ்ஸாவ் கூட்டிட்டுப் போனேன். ரீஜனல் ட்ரெயின்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல. அங்க டான்யூப், இன், இல்ஸ்னு மூணு ஆறு சேருது, பச்சையா ஒண்ணு, கருப்பா ஒண்ணு, நடுவுல ஒண்ணு, சேந்தும் கொஞ்ச தூரம் கலக்காம ஓடும். டவுன் ஹால் சுவர்ல வெள்ளம் வந்த அளவை கோடு போட்டு வச்சிருக்காங்க, 2013-ல 12.89 மீட்டர். அம்மா அந்த கோட்டை அண்ணாந்து பாத்துட்டு, "நம்ம கூடுதுறையிலயும் இப்படித்தான் கண்ணு, காவிரி பொங்குனா படிக்கட்டே தெரியாது"ன்னாங்க. அப்புறம் முனைக்குப் போய் ஒரு சந்தேகம் கேட்டாங்க. நம்ம ஊர்ல மூணாவது ஆறு அமுத நதி கண்ணுக்கு தெரியாது, இங்க மூணுமே தெரியுதே, அப்ப இது கூடுதுறைன்னு கணக்கா இல்லையா? எனக்கு பதில் தெரியல.

குனிஞ்சு தலையில தண்ணி தெளிச்சுக்கிட்டாங்க, ஜாக்கிங் போன ஒருத்தர் நின்னு பாத்துட்டுப் போனாரு. நான் குடிச்சு முடிச்ச பாட்டிலை புடுங்கி அதுல புடிச்சு மூடிக்கிட்டாங்க. இப்ப பவானியில எங்க வீட்டு சாமி ரூம்ல கங்கா தீர்த்தச் சொம்புக்குப் பக்கத்துல அந்த ஜெர்மன் பாட்டில் நிக்குது. எனக்கு 25 சென்ட் நஷ்டம்.